மாம்பாதானா, எந்த மாம்பா? செதில் எண்ணி, இடம் பார்த்து இனம் பிரிக்கும் முறை

மாம்பா என்று சொல்லி ஒரு படம் வந்திருக்கிறது. அல்லது கூரை இடுக்கில் கிடந்த ஒரு பாம்புச் சட்டை, அல்லது பழைய அருங்காட்சியகப் பதிவேட்டில் ஒரு வரி. இது மாம்பாதானா? ஆமென்றால் நான்கில் எது? வரைபடத்தில் எங்கே புள்ளி வைப்பது? இந்த வரிசையில்தான் போக வேண்டும். பெரும்பாலானவர்கள் நிறத்தில் தொடங்கி அங்கேயே வழுக்கி விழுகிறார்கள். முதலில் செதில், பிறகு இடம், கடைசியில்தான் நிறம்.

நான்கு பெயர்கள்

மாம்பாக்கள் எலாப்பிடே குடும்பத்தைச் சேர்ந்தவை. நல்ல பாம்பு, ராஜநாகம், கட்டுவிரியன் எல்லாம் இருக்கிற அதே குடும்பம். பேரினத்தின் பெயர் டென்ட்ரோஆஸ்பிஸ். 1848இல் ஷ்லேகல் வைத்தது. இதில் நான்கு சிற்றினங்கள்:

கறுப்பு மாம்பா: டென்ட்ரோஆஸ்பிஸ் பாலிலெபிஸ் குந்தர், 1864
கிழக்குப் பச்சை மாம்பா: டெ. அங்கஸ்டிசெப்ஸ் (ஸ்மித், 1849)
மேற்குப் பச்சை மாம்பா: டெ. விரிடிஸ் (ஹேலோவெல், 1844)
ஜேம்சன் மாம்பா: டெ. ஜேம்சோனி (டிரெய்ல், 1843)

மூன்று பெயர்களில் ஆசிரியரும் ஆண்டும் அடைப்புக்குறிக்குள் இருப்பது அச்சுப்பிழை அல்ல. முதலில் விவரித்தவர் அந்தப் பாம்பை வேறொரு பேரினத்தில் வைத்திருந்தார், பிறகு இங்கே மாற்றப்பட்டது என்பதற்கான அடையாளம் அது. ஸ்மித் அங்கஸ்டிசெப்ஸை நல்ல பாம்பின் பேரினமான நாஜாவில் வைத்தார். டிரெய்ல் ஜேம்சோனியை எலாப்ஸில் வைத்தார். குந்தர் மட்டும் தொடக்கத்திலேயே டென்ட்ரோஆஸ்பிஸ் என்று எழுதியதால் அவருக்கு அடைப்புக்குறி இல்லை. பட்டியல் தயாரிக்கும்போது அழகுக்காக எல்லாவற்றையும் ஒரே மாதிரி ஆக்கிவிடாதீர்கள்.

பெயர்களின் பொருள் எண்ணும்போது கைகொடுக்கும். பாலிலெபிஸ் என்றால் 'பல செதில்': நான்கில் செதில் வரிசை மிக அதிகம் உள்ளது அதுதான். அங்கஸ்டிசெப்ஸ் 'குறுகிய தலை'. விரிடிஸ் 'பச்சை' என்பது மட்டும் உதவாது. அங்கஸ்டிசெப்ஸ் அதைவிடத் தூய பச்சை.

ஜேம்சன் மாம்பாவில் இரண்டு துணைச் சிற்றினங்கள் உண்டு: மேற்கிலும் நடுவிலும் ஜேம்சோனி, கிழக்கில் கைமோசே. பின்னதை 1936இல் லவ்ரிஜ் விவரித்தார். மேற்குக் கென்யாவின் கைமோசிதான் பெயருக்குக் காரணம்.

ஒரு எச்சரிக்கை. 'மாம்பா' என்ற சொல் ஜூலு மொழியின் 'இமாம்பா'விலிருந்து வந்தது. ஆனால் சுவாஹிலியில் 'மாம்பா' என்றால் முதலை. கென்யா, தான்சானியா களக் குறிப்புகளில் உள்ளூர்ப் பெயர் 'மாம்பா' என்று மட்டும் இருந்தால், குறிப்பு எழுதியவர் பாம்பைப் பார்த்தாரா முதலையைப் பார்த்தாரா என்று முதலில் உறுதி செய்யுங்கள்.

முதல் படி: மாம்பாதானா?

நான்கும் சகாராவுக்குத் தெற்கே உள்ள ஆப்பிரிக்காவில் மட்டுமே இயற்கையாக வாழ்கின்றன. ஆசியாவில் கிடையாது, மடகாஸ்கரில் கிடையாது. தமிழ்நாட்டுத் தோட்டத்தில் எடுத்த 'பச்சை மாம்பா' படம் அநேகமாக நம் பச்சைப் பாம்புதான், கண்கொத்திப் பாம்பு என்பார்களே அது. 'கறுப்பு மாம்பா' என்று வருவது பெரும்பாலும் சாரை. இங்கே செதில் எண்ண வேண்டிய வேலையே இல்லை.

படம் ஆப்பிரிக்காவிலிருந்து வந்தால் தலையின் பக்கவாட்டைப் பெரிதாக்கிப் பாருங்கள். மூக்குத் துளையைச் சுற்றியுள்ள செதிலுக்கும், கண்ணை ஒட்டி முன்னால் இருக்கும் செதிலுக்கும் நடுவே தனியாக ஒரு செதில் இருக்கிறதா? அதுதான் லோரியல் செதில். எலாப்பிடே குடும்பத்தில் அது இல்லை, மாம்பாவிலும் இல்லை. மாம்பா என்று தவறாக நினைக்கப்படும் பச்சை மரப்பாம்புகளிலும், பூம்ஸ்லாங் என்ற ஆப்பிரிக்க நச்சு மரப்பாம்பிலும் அது உண்டு. ஒரு செதில்தான், ஆனால் பாதிக் குழப்பத்தை அது தீர்த்துவிடும்.

அடுத்து முதுகுச் செதிலின் பரப்பு. மாம்பாவின் செதில் வழவழப்பானது. பூம்ஸ்லாங்கின் செதிலில் நடுவே நீளவாக்கில் ஒரு மேடு ஓடும். பக்கவாட்டு வெளிச்சத்தில் உடல் முழுக்கக் கோடு கோடாகத் தெரியும். அதன் தலை குட்டையாக, மொட்டையாக இருக்கும்; கண் முகத்துக்குப் பொருந்தாத அளவு பெரிது. மாம்பாவின் தலை நீண்டு, பக்கங்கள் நேராக இறங்கி, சவப்பெட்டி போல இருக்கும். கண் நடுத்தர அளவு.

லோரியலையும் மேட்டையும் பார்க்காமல் செதில் வரிசையை எண்ணப் போகக்கூடாது. காரணம், எண்கள் மோதுகின்றன. பூம்ஸ்லாங்குக்குப் பொதுவாக 19 வரிசை. கிழக்குப் பச்சை மாம்பாவுக்கும் பெரும்பாலும் 19. ஆப்பிரிக்கப் பச்சை மரப்பாம்புகளில் பலவற்றுக்கு 15. ஜேம்சன் மாம்பாவுக்கும் 15 வரும். எண்ணை மட்டும் நம்பினால் தீங்கில்லாத ஒரு பாம்பு மாம்பாவாகிவிடும். அதைவிட மோசம், மாம்பா தீங்கில்லாததாகிவிடும்.

தென்னாப்பிரிக்காவின் டர்பன் நகரில் இது அன்றாடப் பிரச்சினை. 1860 முதல் கரும்புத் தோட்ட வேலைக்குப் போன தமிழர்களின் வழித்தோன்றல்கள் நிறைய வாழும் ஊர். அதன் புறநகர்ப் பள்ளத்தாக்குகளில் கறுப்பு மாம்பா உண்டு. டர்பன் இருக்கும் குவாசூலு நட்டால் மாகாணத்தின் கடலோரக் காடுகளில் கிழக்குப் பச்சை மாம்பா உண்டு. ஆனால் வீட்டுக்குள் 'பச்சை மாம்பா' என்று கூச்சல் எழும்போது அங்கே இருப்பது பெரும்பாலும் புள்ளிப் புதர்ப்பாம்பு: ஒரு மீட்டரை ஒட்டிய நீளம், உடலின் முன்பகுதியில் கறுப்புப் புள்ளிகள். வளர்ந்த கிழக்குப் பச்சை மாம்பா இரண்டு மீட்டரை நெருங்கும், முறையான புள்ளி வரிசையும் அதற்கு இல்லை.

இரண்டாம் படி: செதில் வரிசை எண்ணுதல்

நடு உடலில் முதுகுச் செதில் வரிசைகள்:

மேற்குப் பச்சை: 13
ஜேம்சன்: பெரும்பாலும் 15 அல்லது 17
கிழக்குப் பச்சை: 17 முதல் 21, பெரும்பாலும் 19
கறுப்பு: பெரும்பாலும் 23 அல்லது 25

படிக்கட்டு மாதிரி ஏறுகிறது, அதனால் மனதில் நிற்கும்.

எண்ணும் இடம் முக்கியம். மூக்கு நுனிக்கும் கழிவாய்க்கும் சரிபாதியில் எண்ண வேண்டும், வாலைச் சேர்க்கக்கூடாது. மாம்பாவின் வால் நீளம். அதையும் சேர்த்துப் பாதி பார்த்தால் பின்னுக்குத் தள்ளிப் போய்விடுவீர்கள். பின்னே போகப் போக வரிசைகள் குறையும். 19 இருக்க வேண்டிய இடத்தில் 15 வந்து, கிழக்குப் பச்சை ஜேம்சனாக மாறிவிடும்.

அகலமான வயிற்றுச் செதிலை எண்ணாதீர்கள். அதற்கு அடுத்து மேலே இருக்கும் செதில்தான் ஒன்று. அங்கிருந்து சாய்வாக முதுகெலும்பு வரை ஏறி, நடுக்கோட்டுச் செதிலையும் எண்ணி, மறுபக்கம் அதே போலச் சாய்வாக இறங்குங்கள். மாம்பாவின் செதில்கள் ஒடுங்கி, சாய்ந்து அடுக்கியிருப்பதால் நேர் குறுக்காக எண்ணினால் ஒரு வரிசையைத் தாண்டிவிடும். நடுவில் ஒரு வரிசை, இரண்டு பக்கமும் சம எண்ணிக்கை, ஆக மொத்தம் ஒற்றைப்படையில்தான் வர வேண்டும். 18 என்று வந்தால் தவறு உங்கள் பக்கம்தான். அரிதாக, ஒரு வரிசை முடியும் இடத்திலேயே எண்ணியிருப்பீர்கள். நாலைந்து வயிற்றுச் செதில் அளவு முன்னே நகர்ந்து மீண்டும் எண்ணுங்கள்.

படத்தில் ஒரு பக்கம்தான் தெரியும். வயிற்றுச் செதில் விளிம்பிலிருந்து நடுக்கோட்டுக்கு முந்திய வரிசை வரை எண்ணி, இரண்டால் பெருக்கி, ஒன்று கூட்டுங்கள். பக்கத்துக்கு 9 என்றால் 19. நடுக்கோடு எது என்று படத்தில் உறுதியாகத் தெரியாவிட்டால் அந்த எண்ணைப் பயன்படுத்த வேண்டாம். ஒன்று தவறினால் விடை இரண்டு தள்ளிப் போகும்.

வயிற்றுச் செதில் எண்ணிக்கை இன்னொரு சாட்சி. கறுப்பு மாம்பாவுக்கு 248 முதல் 281 வரை. மற்ற மூன்றும் 200க்கும் 240க்கும் நடுவே நின்றுவிடும். நடு உடல் சிதைந்துபோன பழைய மாதிரியில்கூட வயிறு முழுசாக இருந்தால் கறுப்பைப் பிரித்துவிடலாம். எங்கிருந்து எண்ணத் தொடங்குவது என்பதற்கு 1951இல் டவுலிங் சொன்ன முறையே இன்றும் வழக்கம்: இரண்டு பக்கமும் முதல் முதுகு வரிசையைத் தொடுகிற முதல் செதிலில் தொடங்கி, கழிவாயை மூடும் செதிலுக்கு முன்னால் நிறுத்த வேண்டும். தொண்டைப் பகுதிச் சிறு செதில்களையும் சேர்த்து எண்ணினால் சில எண்கள் கூடிவிடும்.

சட்டை கிடைத்தால்

உயிருள்ள பாம்பைப் பிடித்து எண்ண நினைப்பது பைத்தியக்காரத்தனம். அடிபட்டுச் செத்த பாம்பின் தலையும் சில நேரம் கடிக்கும். சட்டைதான் நல்ல பொருள். அதிலும் ஒரு கவனம் வேண்டும்: கறுப்பு மாம்பா தொந்தரவு இல்லாத வரை அதே பொந்தையும் கூரை இடுக்கையும் நீண்ட காலம் பயன்படுத்தும். சட்டை கிடந்த இடத்துக்குள் கைவிட்டுத் துழாவாதீர்கள். நீண்ட கொக்கியால் வெளியே இழுங்கள்.

காய்ந்த சட்டை தொட்டால் நொறுங்கும். வெதுவெதுப்பான நீரில் ஒரு சொட்டுப் பாத்திரம் கழுவும் திரவம் கலந்து 10 முதல் 15 நிமிடம் ஊறவிட்டால் துணி மாதிரி இளகும். கறுப்பு அட்டை மேல் விரித்து, சுருக்கத்தை ஈரத் தூரிகையால் நீவி, பின்னாலிருந்தோ பக்கத்திலிருந்தோ வெளிச்சம் கொடுத்துப் படமெடுங்கள். படத்திலேயே செதிலுக்கு ஒரு புள்ளி வைத்து எண்ணினால் பிறரும் சரிபார்க்கலாம்.

மூன்று விஷயம் ஏமாற்றும். சட்டை உரியும்போது இழுபடுவதால் பாம்பைவிட நீளமாக இருக்கும். அதை வைத்து 'நாலு மீட்டர் பாம்பு' என்று எழுதாதீர்கள். கறுப்பு மாம்பா பொதுவாக 2 முதல் 3 மீட்டர்தான், 4 மீட்டரைத் தாண்டுவது அபூர்வம். இரண்டாவது, சட்டை உள்புறம் வெளியாகத் திரும்பியிருக்கும். வரிசை எண்ணுக்குப் பாதகமில்லை, ஆனால் தலையின் இடது வலது மாறிவிடும். மூன்றாவது, நிறம் ஏறக்குறைய இருக்காது. அரைத் துண்டுதான் கிடைத்தது என்றால் மூன்று இடத்தில் எண்ணி மூன்றையும் எழுதுங்கள். நடு உடல் எது என்று ஊகித்து ஒரே எண்ணாக்க வேண்டாம்.

நிறம், அதன் இடத்தில்

கறுப்பு மாம்பாவின் உடல் ஆலிவ், சாம்பல், காக்கிப் பழுப்பு. வாயின் உட்புறம்தான் மைக் கறுப்பு. குட்டிகள் வெளிறியிருந்து வயதாக ஆகக் கறுக்கும். கிழக்குப் பச்சையின் வாய் வெளிர் நிறம். உடல் ஒரே சீரான ஒளிர்பச்சை. மேற்குப் பச்சையின் செதில்கள் பெரியவை, மஞ்சள் கலந்த பச்சை, ஒவ்வொன்றும் கறுப்பு விளிம்போடு. வாலில் அது மஞ்சள் பின்னல்போலத் தெரியும். ஜேம்சனும் பச்சை, கறுப்பு விளிம்பு, கழுத்தடி மஞ்சள். அதன் கிழக்குத் துணைச் சிற்றினமான கைமோசேக்கு வால் கறுப்பு. துணைச் சிற்றினம் பிரிக்கும்போது மட்டும் நிறத்துக்கு உண்மையான எடை உண்டு.

மூன்றாம் படி: எது எங்கே

கறுப்பு மாம்பாவின் பரப்பு மிகப் பெரியது, ஆனால் தொடர்ச்சியற்றது. எத்தியோப்பியா, சோமாலியா, கென்யா, தான்சானியா வழியாக மொசாம்பிக், சாம்பியா, ஜிம்பாப்வே, போட்ஸ்வானா, குவாசூலு நட்டால் வரை. மேற்கே நமீபியா, அங்கோலா. புல்வெளிக் காடு, பாறைக் குன்று, கறையான் புற்று அதன் இடங்கள். பெரும்பாலும் 1000 மீட்டர் உயரத்துக்குக் கீழே. ஆனால் கென்யாவில் 1800 மீட்டரிலும் சாம்பியாவில் 1650 மீட்டரிலும் பதிவு உண்டு. மேற்கு ஆப்பிரிக்காவில் சிதறல்தான். செனகலின் டக்கார் பகுதியிலிருந்து 1954இலும் 1956இலும் சொல்லப்பட்டவை உறுதியாகாதவை; வரைபடத்தில் அங்கே கேள்விக்குறி போடுங்கள், நிரப்பப்பட்ட புள்ளி வேண்டாம்.

கிழக்குப் பச்சை கடலோரப் பாம்பு. கென்யக் கடற்கரை தொடங்கி தான்சானியா, சான்சிபார், மொசாம்பிக் வழியாக குவாசூலு நட்டால், கிழக்கு கேப்பின் வடகோடி வரை. உள்நாட்டில் ஜிம்பாப்வேயின் கிழக்கு மலைகளும் தெற்கு மலாவியும். மா, தென்னை, முந்திரித் தோப்புகளிலும் வாழும்.

மேற்குப் பச்சை செனகலிலிருந்து கினி, சியரா லியோன், லைபீரியா, ஐவரி கோஸ்ட், கானா வழியாக டோகோ, பெனின் பக்கம் வரை. அதற்குக் கிழக்கே நைஜீரியா, கேமரூன், காபோன், காங்கோ, வட அங்கோலா, உகாண்டா, ருவாண்டா, மேற்குக் கென்யா வரை மழைக்காடுகளில் ஜேம்சன். இரண்டுக்கும் நடுவே கிழக்கு கானாவிலிருந்து பெனின் வரை புல்வெளி கடலைத் தொடும் தஹோமே இடைவெளி இருக்கிறது. அந்த எல்லையில் இடத்தை வைத்து முடிவு செய்யாதீர்கள். 13ஆ, 15ஆ என்று எண்ணித்தான் ஆக வேண்டும்.

நான்குக்குள் உறவைப் பார்த்தால், 2016இன் மரபணு ஆய்வுப்படி கறுப்பும் கிழக்குப் பச்சையும் ஒன்றுக்கொன்று மிக நெருக்கம். ஜேம்சன் அவற்றுக்குத் தூரத்து உறவு. பச்சைகளை ஒரு கொத்தாகவும் கறுப்பைத் தனியாகவும் வரைகிற படங்களைக் கிழித்துப் போடலாம்.

பயிற்சிக்குக் கென்யாவை எடுங்கள். ஒரே நாட்டில் மூன்று மாம்பா. மேற்கே ககமேகா, கைமோசி காடுகளில் ஜேம்சன், கறுப்பு வாலோடு. நடுவே வறண்ட புதர்நிலத்தில் கறுப்பு. கடற்கரையில் கிழக்குப் பச்சை. கிலிஃபி பக்கம் முந்திரி மரத்தில் ஒரு பச்சைப் பாம்பு படம் வருகிறது என்று வையுங்கள். பக்கத்துக்கு 9 செதில், ஆக 19. இங்கேயே நிறுத்தினால் பூம்ஸ்லாங்கும் வாசலில் நிற்கிறது. செதில் வழவழப்பு, மூக்குச் செதிலை அடுத்து நேராகக் கண்முன் செதில், அதாவது லோரியல் இல்லை. இப்போது கிழக்குப் பச்சை என்று எழுதலாம்.

பதிவுகளை வரைபடத்தில் ஏற்றும்போது

1896இல் புலாஞ்சே கறுப்பு மாம்பாவைக் கிழக்குப் பச்சையோடு ஒரே சிற்றினமாகச் சேர்த்துவிட்டார். 1946இல் ஃபிட்ஸ்சைமன்ஸ் திரும்பப் பிரிக்கும் வரை அதுதான் நிலை. ஆகவே அந்த 50 ஆண்டுப் பதிவேடுகளில் 'அங்கஸ்டிசெப்ஸ்' என்று இருப்பது எதுவாகவும் இருக்கலாம். போட்ஸ்வானா, நமீபியா பக்கம் ஒரு 'அங்கஸ்டிசெப்ஸ்' தெரிந்தால் அது புதுக் கண்டுபிடிப்பல்ல, பழைய பெயர். மாதிரியின் செதில் வரிசை எண்ணிக்கையைக் கேட்டு வாங்குங்கள்.

ஊர்ப்பெயர்களும் மாறியவை: நியாசாலாந்து இன்றைய மலாவி, வட ரொடீசியா சாம்பியா, கோல்ட் கோஸ்ட் கானா, தஹோமே பெனின். மேற்குக் கென்யாவின் பெரும்பகுதி 1902 வரை உகாண்டா ஆட்சிப் பகுதிக்குள் இருந்தது. அதற்கு முந்திய மாதிரிச் சீட்டில் 'உகாண்டா' என்றிருந்தால் இன்றைய எல்லைக்குள் போட்டுவிடாதீர்கள்.

ஜிபிஐஎஃப் போன்ற திறந்த உயிரினப் பதிவுத் தரவுத்தளத்திலிருந்து இறக்கினால் ஆயங்களை, அதாவது அட்சரேகை, தீர்க்கரேகை எண்களை, சலித்தெடுக்க வேண்டும். டர்பன் தெற்கு 29.86, கிழக்கு 31.02. அந்த 29.86க்கு முன்னால் கழித்தல் குறி விழுந்துபோனால் பாம்பு கெய்ரோவுக்குத் தெற்கே எகிப்துக்குப் போய்விடும். இரண்டு எண்ணும் இடம் மாறினால் அட்லாண்டிக் கடலில் மிதக்கும். பூச்சியம், பூச்சியம் என்று வருவதையும், நாட்டின் நடுப்புள்ளியில் குவிந்து நிற்பவற்றையும் நீக்குங்கள். ஒரு பாகை ஏறக்குறைய 111 கிலோமீட்டர். தசமமே இல்லாத ஆயம் கடலோரப் பாம்பை உள்நாட்டுக்குக் கொண்டுபோய்விடும்.

கடைசியாக, அனுபவசாலிகளே சறுக்கும் இடம். செதில் தெரியாத படத்தை 'கடற்கரையில் எடுத்தது, அதனால் கிழக்குப் பச்சை' என்று பெயரிடுவது தினசரி வேலைக்குப் பரவாயில்லை. ஆனால் அதே பதிவைப் 'பரவல் ஆதாரம்' என்று வரைபடத்தில் ஏற்றினால், வரைபடம் தன்னைத் தானே மெய்ப்பித்துக்கொள்கிறது. அதனால் ஒவ்வொரு பதிவுக்கும் ஒரு கட்டம் கூடுதலாக வையுங்கள்: 'அடையாளம் எதை வைத்து?' செதில், நிறம், இடம் என்று மூன்றில் ஒன்று. 'இடம்' என்று எழுதியவை வரைபடத்துக்குப் போகக்கூடாது.

இந்த வேலை எதுவும் கடிபட்டவருக்கு ஆனதல்ல. இனம் பார்த்துக்கொண்டு நிற்காமல், கடிபட்ட கை காலை அசைக்காமல், அழுத்தக் கட்டுப் போட்டு, செயற்கைச் சுவாசக் கருவி உள்ள மருத்துவமனைக்குக் கொண்டுபோக வேண்டும். மாம்பா விஷம் மூச்சுத் தசைகளை முடக்கும். தென்னாப்பிரிக்காவில் தயாராகும் பலவகை முறிமருந்தில் மாம்பாக்களும் அடக்கம். இந்தியாவில் நல்ல பாம்பு, கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் ஆகிய நான்குக்காகத் தயாரிப்பது மாம்பாவுக்கு ஆகாது.